குதிகாலில் கறுப்புத் திட்டு: பழனி நடைக்கு முன் பார்த்துவிடுங்கள்

கேள்வி: காரைக்குடியில் இருக்கிறோம். அப்பச்சிக்கு 63 வயது. தைப்பூசத்துக்கு வருடம் தவறாமல் பழனிக்கு வெறுங்காலில் நடப்பவர். குதிகாலில் ஒரு வருடமாகக் கறுப்புத் திட்டு. காலாணி என்று நினைத்து பிளாஸ்திரி ஒட்டினோம். இப்போது பெரிதாகி ஓரத்தில் நீர் கசிகிறது. டாக்டர் பயாப்சி (சதைத் துண்டு எடுத்துச் சோதிப்பது) எடுக்கச் சொல்கிறார். கத்தி பட்டால் பரவிவிடும் என்று உறவுக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். பழனி போய்வந்து பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். இந்த வாரமே காட்டுங்கள்.

தோல் புற்றுநோய் வெயிலில் வெள்ளைக்காரர்களுக்கு வருவது என்றுதான் பலரும் நினைக்கிறோம். நம் நிறத்தவர்களுக்கு மெலனோமா என்ற வகை வந்தால், பெரும்பாலும் வெயிலே படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் வருகிறது. ஆணி, முள், பழைய அடி என்று நினைத்தே மாதங்கள் ஓடிவிடும். அதற்காக, நேர்த்திக்கடனுக்கு நடந்ததால்தான் வந்தது என்று யாரும் அவரைக் குறை சொல்ல வேண்டாம்.

இது புற்றுநோய்தான் என்று நான் சொல்லவில்லை. நெடுந்தூரம் நடப்பவர்களுக்குத் தடித்த தோலுக்குள் ரத்தம் கட்டிக் கறுப்பதுண்டு. மேல் தோலை டாக்டர் லேசாகச் சீவினால் அது கூடவே வந்துவிடும். ஆனால் வளர்ந்துகொண்டே போய், கசியவும் செய்கிற திட்டைப் பயாப்சி இல்லாமல் விடவே கூடாது. டெர்மாஸ்கோப் என்ற உருப்பெருக்கியில் பார்த்தால், உள்ளங்கால் ரேகைகளின் பள்ளத்தில் கறுப்பு ஓடுவது பெரும்பாலும் சாதா மச்சம். மேட்டில் ஓடினால் சந்தேகம் வலுக்கும்.

பயாப்சியால் புற்றுநோய் பரவாது. இந்தப் பயத்தில் நாள் தள்ளுவதுதான் ஆபத்து. சிறிய திட்டு என்றால் சுற்றிலும் ஓரிரு மில்லிமீட்டர் தோலோடு முழுதாக எடுப்பார்கள். பெரிது என்றால் அதிகம் தடித்த அல்லது கறுத்த இடத்தில் ஆழமாக ஒரு துண்டு. வீட்டில் பிளேடால் சீவுவது, ஆணி மருந்து வைத்துப் பொசுக்குவது எல்லாம் இன்றோடு நிற்கட்டும். கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை அப்புறம் சரியாக அளக்க முடியாமல் போகும்.

மெலனோமா என்று வந்தால் சிகிச்சையை முடிவு செய்வது பெரிதும் அந்த ஆழம்தான். 1 மில்லிமீட்டருக்குள் என்றால் சுற்றிலும் 1 சென்டிமீட்டர் தோலை எடுத்தால் போதும். 2 மில்லிமீட்டரைத் தாண்டினால் 2 சென்டிமீட்டர். 1 மில்லிமீட்டருக்கு மேல் போனால் தொடை இடுக்கில், நோய் பரவினால் முதலில் போய்ச் சேரும் நிணநீர்க் கணுவையும் எடுத்துச் சோதிப்பது வழக்கம். குதிகாலில் தோலை இழுத்துத் தைக்க முடியாது, வேறிடத்துத் தோல் வைக்க வேண்டியிருக்கும். அதனால் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு உள்ள பெரிய மருத்துவமனையே நல்லது, மதுரை ராஜாஜி போல. கணுக்களுக்குப் பரவியிருந்தால் நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் ஊசிகள் இருக்கின்றன. செலவு மிக அதிகம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எதற்கெல்லாம் கிடைக்கும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்பே கேளுங்கள்.

ரிப்போர்ட்டோடு, எடுத்த சதையைப் பதித்து வைத்த மெழுகு பிளாக், அதிலிருந்து சீவிய கண்ணாடி ஸ்லைடுகளையும் லேபில் கேட்டு வாங்கி வையுங்கள். வேறு மருத்துவமனைக்குப் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். சர்க்கரை இருக்கிறதா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதைப் பயாப்சிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.