‘எக்ஸ் கிரேஷியா’ என்று எழுதித் தரும் பணம்

கேள்வி: மழை வெள்ளத்தில் வீட்டுப் பொருள்கள் நாசமாயின. காப்பீட்டு நிறுவனத்திடம் 3,80,000 ரூபாய் கேட்டிருந்தேன். 1,50,000 ரூபாயை ‘எக்ஸ் கிரேஷியா’வாகத் தருவதாகவும், கணக்கு முழுமையாகத் தீர்ந்தது என்று கையெழுத்திட வேண்டும் என்றும் கடிதம் வந்திருக்கிறது. அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? (கடலூர் வாசகி)

பதில்: உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். கையெழுத்திடுமுன் கேட்டது மிகவும் நல்லதாயிற்று.

இது இலத்தீன் தொடர். ‘கிராட்டியா’ என்றால் தயவு, அருள். ‘எக்ஸ்’ என்பது நம் ஐந்தாம் வேற்றுமையைப் போல ‘அதிலிருந்து’ என்னும் பொருள் தரும். ஆக, கடமையால் அன்றித் தயவின் பேரில் கொடுப்பது என்று பொருள். இதைத்தான் தமிழில் ‘கருணைத் தொகை’ என்கிறோம். தமிழக அரசு தன் பொதுத்துறை நிறுவனத் தொழிலாளர்களுக்குத் தீபாவளியையொட்டி 20 விழுக்காடு அறிவிக்கும் ஆண்டுகளில், சட்டப்படி கொடுத்தே தீர வேண்டிய 8.33 விழுக்காட்டைப் போனஸ் என்றும், அதற்கு மேல் தரும் 11.67 விழுக்காட்டைக் கருணைத் தொகை என்றும் பிரித்துச் சொல்வதில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

கடமை இல்லாதவர் மனமிரங்கிக் கொடுப்பதில் எனக்குக் குறையில்லை. ஆண்டுதோறும் பிரீமியம் வாங்கிக்கொண்ட நிறுவனம், தர வேண்டிய பணத்தைக் குறைத்துவிட்டு, தருவதற்கும் கருணை என்று பெயர் சூட்டுவதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. தங்களுக்குப் பொறுப்பே இல்லை என்பதை அந்த ஒரே சொல்லால் உங்களையும் ஒப்புக்கொள்ள வைக்கிறார்கள்.

பாலிசியின் எந்த விதிப்படி தொகை குறைக்கப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். இழப்பை மதிப்பிட்ட சர்வேயரின் அறிக்கை நகலையும் கேளுங்கள். பிறகு நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நியாயமாக இல்லாவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன்) கட்டணமின்றி முறையிடலாம். பணமுடையால் இப்போதே வாங்கிக்கொள்ள நேர்ந்தால், ‘ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். மோசடியாலோ நெருக்குதலாலோ பெற்ற கையெழுத்து உரிமையைப் பறிக்காது என்று உச்ச நீதிமன்றம் 1999இல் சொல்லியிருக்கிறது. ஆனால் நெருக்குதலை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான்.

கேள்வி: அப்படிப்பட்ட தாளில் படிக்காமலேயே கையெழுத்திட்டுப் பணம் வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இப்போது வழக்குத் தொடரலாமா?

பதில்: நுகர்வோர் ஆணையத்தில் முறையிடக் காலவரம்பு இரண்டு ஆண்டுகள். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஏற்பார்கள். படிக்கவில்லை என்பது காரணமாகாது.

கேள்வி: கிராஜுவிட்டியும் கருணைத் தொகைதான் என்கிறார் எங்கள் மேலாளர்.

பதில்: தவறு. இரண்டு சொற்களுக்கும் வேர் ஒன்றுதான். ஆனால் கிராஜுவிட்டியை 1972ஆம் ஆண்டுச் சட்டமே உரிமையாக்கிவிட்டது.

கேள்வி: வாரண்டி முடியாத வாஷிங் மெஷின் பழுதாகிவிட்டது. ‘நல்லெண்ண அடிப்படையில்’ 1,500 ரூபாய் கூப்பன் தருகிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். நான் வாங்கிய ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் எட்டாம் மாதத்திலேயே நின்றபோது, இதே சொற்கள் இருந்த சீட்டில் கையெழுத்திட்டு 2,000 ரூபாய் கூப்பனை வாங்கினேன். புகார் தீர்ந்துவிட்டதாக அந்தச் சீட்டையே காட்டினார்கள். கம்ப்ரசர் மாற்ற 9,000 ரூபாய் நான் கொடுத்தேன். வாரண்டி என்பது விலையோடு சேர்த்து நீங்கள் வாங்கிய பொருள். இலவசமாகப் பழுது நீக்கித் தரும்படி பில்லின் நகலுடன் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்யுங்கள்.