மருவா, மச்சமா, புற்றா?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. முதுகிலும் நெற்றியோரத்திலும் மெழுகை அப்பி வைத்ததுபோல் ஐந்தாறு கறுப்புத் தடிப்புகள். சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து வைத்தால் உதிரும் என்கிறார்கள். வைக்கலாமா?
- வாசகி, பாலக்கோடு

வேண்டவே வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளம் ‘செபோரிக் கெரடோசிஸ்’ என்ற தடிப்புக்குப் பொருந்துகிறது. நாற்பதைத் தாண்டினால் பலருக்கும் வரும், புற்றாக மாறாது. மேலே சொரசொரப்பாக, தோலில் ஒட்டவைத்தது போலவே இருக்கும். கழுத்திலும் அக்குளிலும் தொங்கும் சின்ன மருக்களுக்கும் பயம் வேண்டாம். ஆனால் அவை நிறைய வந்து, பிடரியும் கறுத்திருந்தால் சர்க்கரையைச் சோதித்துவிடுங்கள்.

சுண்ணாம்பும் சோடாவும் ஈரத்தில் சேர்ந்தால் உண்டாவது காஸ்டிக் சோடா. அது மருவோடு நிற்காமல் அடிச்சதையையும் வேகவைக்கும். ஒருவேளை அது புற்றாக இருந்தால் மேல்பாகம் கருகிப்போக, அடிப்பாகம் உள்ளே வளரும். குதிரைமுடி கட்டுவதிலும் இதே ஆபத்துதான்.

நெற்றியில் இருப்பதை மட்டும் வெளிச்சத்தில் நன்றாகப் பாருங்கள். விளிம்பு முத்துபோல் மினுங்கி, நடுவில் குழி விழுந்து, பொருக்கு உதிர்ந்து மறுபடி பொருக்குக் கட்டினால் அது ‘பேசல் செல்’ புற்றாக இருக்கலாம். நம் நிறத்தவருக்கு அது கறுப்பாகவும் வரும். மச்சம் என்று விட்டுவிடுகிறோம்.

கேள்வி: அப்பா செருப்பில்லாமல் கொல்லைக்குப் போகிறவர். உள்ளங்காலில் ஒரு கறுப்புப் புள்ளி ஒரு வருடமாகப் பெருகுகிறது. வலியில்லை, முள் குத்திய கறை என்கிறார்.
- வாசகர், ஊத்தங்கரை

இந்த வாரமே தோல் டாக்டரிடம் காட்டுங்கள். முள் குத்தி உறைந்த ரத்தம் சில வாரங்களில் தோலோடு உரிந்துவிடும். ஒரு வருடம் நின்று வளராது. வலியில்லாததை வைத்து ஆறுதல் அடையவும் முடியாது. மெலனோமா என்ற கொடிய தோல் புற்று தொடக்கத்தில் வலிக்காது. அது நம்மவர்களுக்கு அதிகம் வரும் இடம் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி. இந்த இடங்களில் வருவதற்கும் வெயிலுக்கும் சம்பந்தமில்லை.

இரு பாதியும் ஒத்துப்போகாத வடிவம், கரைந்தோடிய ஓரம், ஒன்றிலேயே இரண்டு மூன்று நிறம், 6 மி.மீ.க்கு மேல் அகலம் (பென்சிலின் அடிப்பக்க அளவு) ஆகியவற்றைப் பாருங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், மாறிக்கொண்டே இருப்பது. அளவுகோலை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். காலாணி என்று பிளேடால் சீவ விடாதீர்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு உண்டு. மரத்துப்போகும் ஊசி போட்டுச் சதை எடுப்பார்கள். ‘கத்தி பட்டால் பரவும்’ என்பது வெறும் பேச்சு. எங்கே எடுத்தாலும், வெறும் மச்சம் என்றே சொன்னாலும், எடுத்த துண்டு ஃபார்மலினில் (சதை கெடாமல் காக்கும் திரவம்) ஆய்வகத்துக்குப் போகிறதா என்று கேளுங்கள், அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: சிறுவயதில் தீப்பட்ட தழும்பில் நான்கு மாதமாக ஆறாத புண். வேறு களிம்பு போடலாமா?
- வாசகர், பென்னாகரம்

களிம்பை மாற்றிப் பயனில்லை. பழைய தீத்தழும்பில் பல வருடம் கழித்துப் புற்று வருவதுண்டு. ஓரம் தடித்து எழும்பி, நாற்றம் வந்தால் சந்தேகம் இன்னும் கூடும். புண்ணின் நடுவில் அழுகிய சதைதான் கிடைக்கும் என்பதால், ஓரத்திலிருந்து சதை எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.