தட்டை இறக்கை எப்படிப் பறக்கிறது?

கேள்வி: மகளுக்காகத் தெர்மகோல் அட்டையில் ஒரு கிளைடர் செய்தேன். இறக்கை வெறும் தட்டைதான், ஆனாலும் பறக்கிறது. ‘மேற்பக்கம் வளைந்திருப்பதால் அங்கே காற்றுக்குத் தூரம் அதிகம்; கீழே போகும் காற்றோடு சேர்ந்துகொள்ள வேகமாக ஓடுகிறது; அதனால் அழுத்தம் குறைகிறது’ என்றல்லவா படித்தோம்? மூக்கைத் தூக்கி வேகமாக எறிந்தால் மட்டும் சட்டென்று விழுந்துவிடுகிறது. ஏன்?

பதில்: உங்கள் கிளைடர் சொல்வதுதான் சரி. பிரிந்த காற்று பின்விளிம்பில் மறுபடி ஒன்றுசேர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. காற்றுச் சுரங்கத்தில் புகையை விட்டுவிட்டுச் செலுத்திப் பார்த்தால், மேலே போன புகை முந்திக்கொண்டு போய்விடும். மேலே வேகம் அதிகம், அழுத்தம் குறைவு என்பது உண்மையே. வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும் என்று சொன்ன அறிவியலாளர் பெர்னூலி மேல் பழியில்லை. அதற்குச் சொல்லப்பட்ட காரணம்தான் கட்டுக்கதை. அது மெய்யானால் சாகச விமானங்கள் தலைகீழாகப் பறக்கவே முடியாது.

இறக்கை செய்வது காற்றைக் கீழே திருப்பிவிடும் வேலை. முன்விளிம்பு சற்று உயர்ந்திருந்தால் போதும், தட்டை அட்டையும் அதைச் செய்யும். அடிப்பக்கம் காற்றைத் தள்ளுவது எல்லோருக்கும் எளிதில் புரியும். கோட்டைவிடுவது மேற்பக்கத்தில். அங்கே காற்று பரப்பை ஒட்டியபடியே கீழ்நோக்கி வளைகிறது. அப்படி வளைய, பரப்பருகே அழுத்தம் குறைந்திருக்க வேண்டும். அந்தக் குறைந்த அழுத்தத்தை நோக்கி வரும் காற்று வேகமெடுக்கிறது. காற்றை இறக்கை கீழே தள்ள, இறக்கையைக் காற்று மேலே தள்ளுகிறது. நியூட்டன், பெர்னூலி இருவரும் ஒரே நிகழ்ச்சியைத்தான் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

இதற்குப் பெரிய அழுத்த வேறுபாடும் தேவையில்லை. சுமார் 400 டன் எடையோடு கிளம்பும் போயிங் 747-400ஐத் தாங்குவது, தரைமட்டக் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய 7 சதவீத வேறுபாடுதான்.

இனி, விழுகிற கதை. எதிர்வரும் காற்றுக்கு இறக்கை சாய்ந்திருக்கும் கோணம் கூடினால் தூக்குவிசையும் கூடும், ஓர் எல்லை வரை. வழக்கமான விமான இறக்கைக்கு அது சுமார் 15 டிகிரி. மெல்லிய தட்டை இறக்கைக்கு இன்னும் குறைவு. அதைத் தாண்டினால் மேற்பக்கக் காற்று ஒட்டாமல் பிய்த்துக்கொள்ளும், தூக்குவிசை சட்டென்று குறையும். விமானிகள் இதை ‘ஸ்டால்’ என்பார்கள். வேகம் இருமடங்கானால் தூக்குவிசை நான்கு மடங்கு. ஆகவே பலமாக எறிந்தால் கிளைடர் தானே மூக்கைத் தூக்கி ஏறும், வேகம் இழந்து ஸ்டாலாகும்.

மூக்கில் கொஞ்சம் களிமண் ஒட்டுங்கள். இறக்கையின் முன்பின் அகலம் 8 செ.மீ. என்றால், முன்விளிம்பிலிருந்து 2 முதல் 2.5 செ.மீ.க்குள் விரலில் சமநிலையாக நிற்க வேண்டும். பிறகு தரைக்கு இணையாக மெதுவாகத் தள்ளிவிடுங்கள். அப்போதும் தலை தூக்கினால் இன்னும் கொஞ்சம் களிமண்.