பிரதமரோ குடியரசுத் தலைவரோ கன்னியாகுமரி வரும் நாளில் ஏர் ஆம்புலன்ஸ் பறக்க முடியுமா? அறக்கட்டளை ஏற்பாடு செய்யும் விமானத்துக்கு விலக்கு உண்டா?

முடியும். ஆனால் நாம் கேட்கிற நேரத்துக்கு அல்ல, விமான நிலையக் கட்டுப்பாட்டு டவர் கொடுக்கிற நேரத்துக்கு. இரண்டாவது கேள்விக்கும் நேரடியாகவே சொல்லிவிடலாம்: அறக்கட்டளை பணம் கட்டுகிறது என்பதற்காக எந்த விலக்கும் இல்லை. விமானம் நோயாளிக்காகப் பறக்கிறது என்று ஃப்ளைட் பிளானில், அதாவது பறக்குமுன் கொடுக்கும் பயணத் திட்டப் படிவத்தில், எப்படி எழுதியிருக்கிறது, அதை எந்த மருத்துவமனை உறுதி செய்திருக்கிறது என்பதைத்தான் பார்ப்பார்கள்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். குமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 70 கிலோமீட்டர். தூத்துக்குடி வாகைக்குளம் திருநெல்வேலி வழியாக நூறுக்குச் சற்று மேல். மதுரை 240 வாக்கில். விளவங்கோடு, கிள்ளியூர் பக்கத்து நோயாளிக்குத் திருவனந்தபுரத்தை விட்டால் வேறு வழி இல்லை. தோவாளை, அகஸ்தீஸ்வரம் என்றால் திருவனந்தபுரம், தூத்துக்குடி இரண்டையும் எடை போடலாம். தூத்துக்குடிப் பக்கம் ஆரல்வாய்மொழி தாண்டி நான்குவழிச் சாலையைப் பிடித்துவிட்டால் ஓட்டம் சீராக இருக்கும். மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று நெரிசலில் ஊர்வதை ஒப்பிட்டால், தூரம் கூடினாலும் நேரம் அவ்வளவு கூடாது.

முக்கியப் பிரமுகர் வரும் நாளில் வானத்தில் நடப்பது இதுதான். 2024 மே 30 அன்று பிரதமர் விவேகானந்தர் பாறைக்கு வந்தபோது, திருவனந்தபுரம் வரை விமானம், அங்கிருந்து கன்னியாகுமரிக்கு ஹெலிகாப்டர். ஜூன் 1-ஆம் தேதிதான் திரும்பினார். இப்படிப்பட்ட பயணத்தில் திருவனந்தபுரம் நாள் முழுவதும் அடைபடுவதில்லை. அவர் விமானம் இறங்கும்போதும் கிளம்பும்போதும் முன்பின் சிறிது நேரம் மற்ற விமானங்களை நிறுத்தி வைப்பார்கள். நடுவில் வழக்கம்போல் இயங்கும். ஆகவே ஓடுபாதையில் இறங்கும் ஏர் ஆம்புலன்ஸுக்கு அந்த இரண்டு இடைவெளிகளைத் தவிர்த்தால் போதும். ஹெலிகாப்டர் கதை வேறு. கன்னியாகுமரி ஹெலிபேடும் அதைச் சுற்றிய தாழ்வான வான்பரப்பும் அவர் தங்கியிருக்கும் நேரமெல்லாம் கைவிட்டுப் போனதாகவே வைத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு ஹெலிகாப்டரை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

இனி ஃப்ளைட் பிளான். அதை எழுதுவது ஆபரேட்டர், அதாவது விமானத்தை இயக்கும் நிறுவனம். ஆனால் நோயாளி தரப்பில் ஒருவர் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது. படிவத்தின் 18-ஆம் கட்டத்தில், சிறப்புக் கவனிப்பு கேட்கும் ‘எஸ்டிஎஸ்’ என்ற குறியீட்டுக்குப் பின் இரண்டில் ஒன்று வரும். உயிருக்கு ஆபத்தான நோயாளியை உடனே அப்புறப்படுத்த ‘மெடிவாக்’. மருத்துவ அதிகாரிகள் உறுதி செய்த மற்ற மருத்துவப் பயணத்துக்கு ‘ஹாஸ்ப்’. நோயாளியை ஏற்றிவர வெற்றாக வரும் விமானத்துக்கும் இது பொருந்துமா என்பதை ஆபரேட்டர் முன்கூட்டியே டவரோடு பேசிவிட வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். திரும்பும் பயணத்துக்கு முன்னுரிமை வாங்கிவிட்டு, வரும் பயணத்தைச் சாதாரண வாடகை விமானப் பயணமாகப் போட்டுவிடுவார்கள். விமானம் புறப்பட வேண்டிய ஊரிலேயே உட்கார்ந்திருக்கும். நிலையாக இருக்கும் நோயாளிக்கும் மெடிவாக் என்று போட்டுத் தள்ளுவதும் தவறு. அடுத்த முறை உண்மையான அவசரத்தை டவர் சந்தேகத்தோடு பார்க்கும். இது தவிர வான்பாதுகாப்பு அனுமதி எண் தேவைப்படும் இடத்தில் அதற்கும் தனியாகக் கேட்க வேண்டும். நேரம் கணிசமாக மாறினால் அந்த எண்ணையும் புதுப்பிக்க வேண்டியிருக்கும். நோயாளி ஐசியுவிலிருந்து தாமதமாகக் கிளம்பினால் அதை உடனே ஆபரேட்டருக்குச் சொல்லச் சொல்வது இதனால்தான்.

அறக்கட்டளை விமானம் என்று இங்கே சொல்வது பெரும்பாலும், நன்கொடையில் வாடகைக்கு எடுத்த ஏர் ஆம்புலன்ஸைத்தான். வாடகைக்குப் பறக்க, நான்-ஷெட்யூல்டு ஆபரேட்டர் பெர்மிட் (கால அட்டவணை இல்லாமல் பறக்கும் நிறுவனங்களுக்கான உரிமம்) வேண்டும். தெரிந்த தொழிலதிபர் தன் சொந்த விமானத்தைத் தருகிறார் என்றால் அது தனியார் பிரிவில் பதிவானது. அதற்கு யாரும் கட்டணம் கொடுக்கவும் வாங்கவும் கூடாது. “டீசல் செலவு மாதிரி கொஞ்சம் கொடுத்துடலாம்” என்ற பேச்சே வேண்டாம். அதில் ஸ்ட்ரெச்சர், ஆக்சிஜன், மானிட்டர் எதுவும் பொருத்தியிருக்காது என்பது தனிப் பிரச்சினை. அமெரிக்காவில் இந்தக் கோடு இன்னும் தெளிவு. அதிபர் வரும் ஊரில் பொதுவாக 10 நாட்டிக்கல் மைல் (கடல் மைல்) உள்வட்டமும் 30 நாட்டிக்கல் மைல் வெளிவட்டமும் போடுவார்கள். ஏர் ஆம்புலன்ஸுக்கு உள்வட்டத்தில் வழி உண்டு. ஆனால் நடக்கக்கூடிய நோயாளியைத் தன் சிறு விமானத்தில் இலவசமாக மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் தன்னார்வ பைலட்டுக்கு அந்த வழி கிடையாது. அவர் வெளிவட்டத்துக்குள் வேறொரு விமான நிலையத்தில் இறங்கிக் காரில் போக வேண்டியதுதான்.

நோட்டாம், அதாவது வான்தடைகளைப் பற்றி விமானிகளுக்குத் தரும் அறிவிப்பு, படிக்கத் தெரிந்தால் பாதிப் பதற்றம் குறையும். நேரமெல்லாம் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். நம் நேரம் தெரிய அதோடு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். 0330 என்றால் காலை 9 மணி. 1830-க்கு மேல் போனால் நமக்குத் தேதியே மாறிவிடும். நள்ளிரவை ஒட்டிய பயணங்களில் குழப்பம் வருவது இதனால். உயரம், ஆரம், மைய இடம் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆரத்தை மட்டும் பார்த்து “மொத்தமாக மூடிவிட்டார்கள்” என்று வாட்ஸ்அப்பில் பரப்புவது அபத்தம். நிரந்தரமான தடைப் பகுதி, கட்டுப்பாட்டுப் பகுதி, அபாயப் பகுதிகள், நாட்டின் விமானப் போக்குவரத்துத் தகவல் தொகுப்பான ஏஐபி ஆவணத்தின் இஎன்ஆர் 5.1 பிரிவில் இருக்கும். பக்கத்திலேயே கூடங்குளம் அணுமின் நிலையமும் மகேந்திரகிரி இஸ்ரோ மையமும் இருப்பதால், இந்த மாவட்டத்துக்கு ஹெலிகாப்டர் கொண்டுவருபவர் அதைப் பார்க்காமல் பாதை போடக் கூடாது. ஹெலிகாப்டர் இறங்கும் மைதானத்துக்கு மாவட்ட நிர்வாகத்தின் சம்மதம், போலீஸ், தீயணைப்பு வண்டி மூன்றும் வேண்டும். சூரியன் மறைவதற்குள் முடிக்கிற மாதிரி நேரம் போட வேண்டும்.

வானத்தை விடத் தரைதான் அதிக நேரத்தைத் தின்னும். பிரமுகர் போகும் சாலையில் வாகனங்களை நிறுத்துவார்கள். ஆம்புலன்ஸ் எண், ஓட்டுநர் பெயர், புறப்படும் நேரம், பாதை எல்லாவற்றையும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிவிட வேண்டும். களியக்காவிளைக்கு அப்பால் கேரளப் போலீஸுக்கும் தனியாகச் சொல்ல வேண்டும், இங்கே சொன்னது அங்கே தானாகப் போகும் என்று நம்ப வேண்டாம். விமானத்தின் பக்கம் வரை வண்டி போக வேண்டுமென்றால் ஆர்சி புத்தகம், ஓட்டுநர் உரிமம், உள்ளே போகும் ஒவ்வொருவரின் அடையாள அட்டை நகல் முன்னதாகவே கொடுத்திருக்க வேண்டும். நோயாளியின் கேஸ் சம்மரி, பறக்கத் தகுதிச் சான்று, போய்ச் சேரும் ஊரின் மருத்துவமனை ஏற்றுக்கொண்ட கடிதம் கையில் இருக்கட்டும். வாசலில் சிஐஎஸ்எஃப் பாதுகாப்புப் படையினர் கேட்கும்போது வாட்ஸ்அப்பில் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

ஆக்சிஜன் கணக்கைத் தாமதத்தோடு சேர்த்தே போடுங்கள். நிமிடத்துக்கு 10 லிட்டர் போகும் நோயாளிக்கு மணிக்கு 600 லிட்டர். ‘பி டைப்’ சிலிண்டர் நிரம்பியிருந்தால் 1,500 லிட்டர், அதாவது இரண்டரை மணி நேரம். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கே இரண்டு மணி நேரம் ஆகிவிட்டால், மிஞ்சுவது அரை மணி நேரத்துக்குத்தான், ஓடுபாதை ஓரத்தில் ஒரு மணி நேரம் காத்திருக்கப் போதாது. அன்றைக்கு இரண்டு சிலிண்டர், முடிந்தால் மூன்று. மருந்து செலுத்தும் இன்ஃப்யூஷன் பம்ப் பேட்டரியையும் மறக்க வேண்டாம். பைலட்டுக்கும் பணிநேர வரம்பு உண்டு. அது முடிந்துவிட்டால் தடை நீங்கினாலும் விமானம் கிளம்பாது. நோயாளி நிலையாக இருந்தால் முதல் நாள் இரவே கிளம்புவது புத்திசாலித்தனம். உறுப்பு மாற்று அறுவைக்காக நான்கு மணி நேரத்துக்குள் பொருத்த வேண்டிய இதயம் போன்றவற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது. அங்கே டவரோடு உயர்மட்டத்தில் பேசியே தீர வேண்டும்.

பாதுகாப்புக்குச் சம்பந்தமில்லாத ஒரு மூடலும் உண்டு. பத்மநாப சுவாமி கோயில் ஆறாட்டு ஊர்வலம் பங்குனியிலும் ஐப்பசியிலும் திருவனந்தபுரம் ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் போகிறது. அந்த மாலைகளில் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் விமானமே இல்லை. இது முன்கூட்டியே தெரிந்த தேதி என்பதால் அன்று தூத்துக்குடியைக் கேளுங்கள், அதன் இயங்கு நேரத்தையும் சேர்த்து.

வளைகுடாவிலிருந்து நோயாளியைக் கொண்டுவருபவர்கள் நம் மாவட்டத்தில் ஏராளம், அவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 ஜூன் 23 அன்று கத்தார் வான்வெளியை மூடியபோது சாதாரணப் பயணிகள் அடுத்த விமானத்துக்கு மாறிக்கொண்டார்கள். ஸ்ட்ரெச்சர் நோயாளிக்கு அப்படி மாற முடியாது. இருக்கைகளை மடக்கி ஸ்ட்ரெச்சர் பொருத்திய விமானம்தான் வேண்டும். எனவே புதிய டிக்கெட் வந்ததும் ஸ்ட்ரெச்சரும் ஆக்சிஜனும் அந்தப் புதிய விமானத்தில் மீண்டும் உறுதியாகியிருக்கிறதா என்று கேளுங்கள். நோயாளி பறக்கலாம் என்று டாக்டர் எழுதித் தரும் மெடிஃப் படிவத்தின் தேதி கடந்துவிட்டால் டாக்டரிடம் புதிதாகக் கையெழுத்து வாங்குங்கள். தனி விமானமாக வெளிநாட்டு ஏர் ஆம்புலன்ஸ் வருவதென்றால் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ தரும் ஒய்ஏ எண் என்ற அனுமதி எண் வேண்டும். பயண நாள் தள்ளிப்போனால் அந்த அனுமதி புதிய தேதிக்கும் செல்லுமா என்று ஆபரேட்டரிடம் கேட்டுவிட்டே திருவனந்தபுரத்துக்கு ஆம்புலன்ஸை அனுப்புங்கள்.