ஸ்கிராபிள் சங்கமும் போட்டிகளும்: கேட்டவர்களுக்குப் பதில்

ஸ்கிராபிள் என்பது டைல் எனப்படும் எழுத்துச் சில்லுகளைப் பலகையில் அடுக்கிச் சொல் கட்டிப் புள்ளி சேர்க்கும் ஆட்டம். டொராண்டோவில் 14 வருடமாக இதைப் போட்டிகளில் ஆடுகிறேன். கடைசி 6 வருடமாகப் போட்டி நடத்தும் டைரக்டராகவும் இருக்கிறேன். வட அமெரிக்காவில் இந்தப் போட்டிகளுக்கு விதி வைப்பது நாஸ்பா என்ற ஆட்டக்காரர் சங்கம். அதில் சேர்வது, போட்டிக்குப் போவது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

ஸ்கார்பரோவிலிருந்து ஓர் அம்மா: அக்கா, என் மகளுக்கு 12 வயது. வீட்டில் எல்லாரையும் தோற்கடிக்கிறாள். போட்டிக்கு அனுப்ப உடனே சங்கத்தில் சேர்க்க வேண்டுமா?

உடனே வேண்டாம். முதலில் பக்கத்தில் உள்ள கிளப்புக்குக் கூட்டிப் போங்கள். வாரத்தில் ஒரு மாலை, மூன்று நான்கு ஆட்டம், மேசைக்குச் சின்னக் கட்டணம். விருந்தாளியாக யாரும் உட்காரலாம். அங்கே கடிகாரம் வைத்து ஆடிப் பார்க்கட்டும். வீட்டில் ஒரு சொல்லுக்குப் பத்து நிமிடம் யோசிக்கலாம். போட்டியில் ஒருவருக்கு முழு ஆட்டத்துக்குமே 25 நிமிடம்தான். அதைத் தாண்டினால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 10 புள்ளி கழியும். அடுத்த நிமிடத்தில் ஒரு நொடி தொட்டாலும் முழு நிமிடக் கணக்குதான்.

அது அவளுக்குப் பிடித்திருந்தால் சேர்த்துவிடுங்கள். ரேட்டிங், அதாவது ஆட்டக்காரரின் தரத்தைக் காட்டும் எண், கணக்கிடும் போட்டியில் ஆட உறுப்பினராக இருந்தே ஆக வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு 2003லிருந்து தனிச் சாம்பியன்ஷிப்பும் நடக்கிறது. அதில் இருவர் ஒரு அணியாக ஆடுவார்கள். ஆனால் பெரியவர்கள் போட்டியிலும் உட்கார வையுங்கள் அம்மா. 12 வயதுப் பிள்ளையும் 70 வயதுத் தாத்தாவும் எதிரெதிரே சமமாக உட்காரும் மேசை வேறு எங்கே கிடைக்கும்?

கேள்வி: சங்கச் சந்தா தனி, போட்டி நுழைவுக் கட்டணம் தனி. ஏன் இரண்டு முறை வாங்குகிறார்கள்? எங்கே போகிறது இந்தப் பணம்?

நியாயமான கேள்வி. நுழைவுக் கட்டணம் போட்டி நடத்துபவரிடம் போகிறது. மண்டப வாடகை, பரிசுப் பணம், அச்சுச் செலவு எல்லாம் அதிலிருந்துதான். பெரிய விளம்பரதாரர் யாரும் கிடையாது. ஆட்டக்காரர்கள் போட்ட பணமே சுற்றி ஆட்டக்காரர்களுக்குப் பரிசாக வருகிறது. அதோடு எத்தனை பேர் எத்தனை ஆட்டம் ஆடினார்கள் என்று கணக்கிட்டு நடத்துபவர் சங்கத்துக்கும் ஒரு தொகை கட்டுகிறார்.

சந்தா சங்கத்துக்கு. ரேட்டிங் கணக்கு, சொற்பட்டியல் தொகுப்பு, விதிநூல், டைரக்டர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்று கொடுப்பது, புகார் விசாரிப்பது எல்லாம் அதில் நடக்கின்றன. ஒரு காலத்தில் இவற்றையெல்லாம் ஆட்டத்தை விற்கும் கம்பெனியின் ஆதரவில் இயங்கிய வேறொரு சங்கம் பார்த்துக்கொண்டது. 2009ல் போட்டிப் பொறுப்பு நாஸ்பாவிடம் வந்தது. அன்றிலிருந்து செலவும் நம்முடையது, சட்டமும் நம்முடையது. நான் சந்தாவை மனமுவந்து கட்டுவது இதற்காகத்தான். தெரியாத ஊரில் தெரியாத ஒருவரோடு உட்கார்ந்தாலும், எந்தச் சொல் செல்லும், தகராறு வந்தால் யார் தீர்ப்பது என்பது எங்கள் இருவருக்கும் முன்கூட்டியே தெரியும். அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் போட்டி என்பது வெறும் சத்தம்.

மதுரையிலிருந்து கல்லூரி மாணவர்: அக்கா, நான் இங்கிருந்து நாஸ்பாவில் சேரலாமா?

தம்பி, உங்களுக்கு அது தேவையில்லை. ஸ்கிராபிளுக்கு இரண்டு சொந்தக்காரர்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஹாஸ்ப்ரோ, மற்ற நாடுகளில் மாட்டெல். போட்டி உலகமும் ஏறக்குறைய அப்படியே பிரிந்திருக்கிறது. இந்தியா, இலங்கை, பிரிட்டன், நைஜீரியா எல்லாம் காலின்ஸ் என்ற வேறொரு சொற்பட்டியலில் ஆடுகின்றன. இந்த நாட்டுச் சங்கங்களுக்கு மேலே 2003ல் தொடங்கிய வெஸ்பா என்ற உலக அமைப்பு இருக்கிறது. பெங்களூரு, மும்பைப் பக்கம் போட்டி நடக்கும்போது போய் ஆடுங்கள்.

வட அமெரிக்கப் பட்டியலில் சுமார் 1,96,000 சொற்கள். காலின்ஸில் சுமார் 2,80,000. இங்கே ஆடிப் பழகியவர் அங்கே போனால் எதிராளி வைக்கும் சொற்களில் பல புதிதாகத் தெரியும். எதிராளி வைத்த சொல் செல்லாது என்று எதிர்க்கும் சேலஞ்ச் விதியும் வேறு, அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

கேள்வி: எதிராளி இல்லாத சொல் ஒன்றை வைத்தார். நான் பேசாமல் இருந்துவிட்டேன். அப்புறம் பார்த்தால் அகராதியிலேயே இல்லை. இது ஏமாற்று இல்லையா? சங்கத்தில் புகார் செய்யலாமா?

செய்ய முடியாது. அது ஏமாற்றும் இல்லை. விதி அதை அனுமதிக்கிறது. வைத்த சொல் தவறென்று நினைத்தால் நீங்கள்தான் சேலஞ்ச் செய்ய வேண்டும். யோசிக்க நேரம் வேண்டுமென்றால் ‘ஹோல்ட்’ என்று சொல்லுங்கள். சேலஞ்ச் என்று முடிவு செய்ததும் கடிகாரத்தை நிறுத்திவிட்டு இருவரும் எழுந்து கணினிக்குப் போய்ச் சொல்லைத் தட்டுவீர்கள். செல்லும், செல்லாது என்று மட்டும் அது காட்டும். பொருள் காட்டாது.

சொல் செல்லாது என்றால் எதிராளி டைல்களைத் திரும்ப எடுத்துக்கொள்வார், அவருடைய முறை போய்விடும். சொல் சரியென்றால் வட அமெரிக்க விதிப்படி உங்கள் முறை போய்விடும். வெஸ்பா முறையில் 5 புள்ளிதான் நஷ்டம். இந்த ஒரு வித்தியாசம் ஆட்டத்தின் குணத்தையே மாற்றிவிடும். முறை போய்விடும் என்ற பயம் இருக்கும் இடத்தில் துணிந்து பொய்ச்சொல் வைப்பவர்கள் அதிகம். வட அமெரிக்க விதிதான் எனக்குப் பிடிக்கும். உங்கள் அறிவின் மேல் உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை என்று அது ஒவ்வொரு முறையும் கேட்கிறது.

கேள்வி: உண்மையான ஏமாற்று நடப்பதுண்டா?

அரிதாக நடக்கும். 2012ல் அமெரிக்காவில் ஆர்லாண்டோவில் நடந்த தேசியப் போட்டியில் இளம் ஆட்டக்காரர் ஒருவர், எந்த எழுத்தாகவும் வைக்கக்கூடிய வெற்று டைல்களான பிளாங்க்குகளை ஒளித்து வைத்ததாகப் பிடிபட்டு வெளியேற்றப்பட்டார். 2017ல் பிரிட்டனில் முன்னணி ஆட்டக்காரர் ஒருவருக்கு மூன்று வருடத் தடை விதித்தார்கள். டைல் எடுக்கும்போது விதியை மீறினார் என்பது குற்றச்சாட்டு.

இதனால்தான் டைல் எடுப்பதில் இத்தனை கெடுபிடி. டைல் உள்ள பையைக் கண் மட்டத்துக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். பார்வை வேறு பக்கம் இருக்க வேண்டும். விரலால் தடவி எழுத்தைக் கண்டுபிடிக்க முடியாதபடி வழவழப்பான டைல்தான் செல்லும். தவறுதலாக ஒரு டைல் கூடுதலாக எடுத்துவிட்டால்? எதிராளி உங்கள் டைல்களிலிருந்து மூன்றைப் பார்க்காமல் எடுப்பார். திருப்பிப் பார்த்து, தனக்குச் சாதகமான ஒன்றைப் பைக்குள் போடுவார். உங்கள் ‘எஸ்’ஸோ பிளாங்க்கோ போய்விடலாம். அதனால் எண்ணி எடுங்கள்.

என் அனுபவம் ஒன்று. வெளியூர்ப் போட்டியில் எதிராளியின் கை பைக்குள் நெடுநேரம் துழாவியது. சண்டை வருமே என்று நான் டைரக்டரைக் கூப்பிடவில்லை. அன்று இரவு தூக்கமே வரவில்லை. இப்போது நானே டைரக்டர். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், சந்தேகம் வந்த அந்த நொடியிலேயே கை தூக்குங்கள். ஆட்டம் முடிந்தபின் சொன்னால் என்னால் எதையும் பார்க்க முடியாது. கை தூக்குவது யாரையும் குற்றம் சாட்டுவது ஆகாது.

கேள்வி: ரேட்டிங் எப்படிப் போடுகிறார்கள்? 150 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தேன், ஆனால் ரேட்டிங் ஏறவேயில்லை.

எத்தனை புள்ளியில் ஜெயித்தீர்கள் என்பதை ரேட்டிங் பார்ப்பதில்லை. யாரை ஜெயித்தீர்கள் என்பதுதான் கணக்கு. செஸ்ஸில் உள்ளது போலத்தான். எதிராளியின் ரேட்டிங்கை வைத்து நீங்கள் எத்தனை ஆட்டம் ஜெயிப்பீர்கள் என்று முதலில் எதிர்பார்ப்பு போடுவார்கள். ஆறு ஆட்டத்தில் 2.4 வெற்றி எதிர்பார்ப்பு, நீங்கள் 4 ஜெயித்தீர்கள் என்று வையுங்கள். கூடுதல் 1.6. பெருக்கும் எண் 20 என்றால் 32 ஏறும். புது ஆட்டக்காரருக்குப் பெருக்கும் எண் பெரிது, அதனால் ஏற்ற இறக்கமும் பெரிது. உங்களைவிட மிகக் கீழே உள்ளவரை ஜெயித்தால் ஏறாதது இதனால்தான்.

அந்த 150 புள்ளி வீணாகவில்லை. அதற்கு ஸ்ப்ரெட் என்று பெயர். போட்டிக்குள் இடம் தீர்மானிப்பது முதலில் வெற்றி எண்ணிக்கை, அதில் சமம் என்றால் ஸ்ப்ரெட். 4 வெற்றி பெற்ற ஐந்து பேரில் பரிசு யாருக்கு என்பதை அதுதான் சொல்லும். அதனால் தோற்கும் ஆட்டத்தையும் கைவிடாதீர்கள். 100ல் தோற்க வேண்டியதை 40ல் தோற்றால் அதுவும் சம்பாத்தியம்தான்.

கேள்வி: கடைசிச் சுற்றில் முதல் இடத்தில் இருந்தவருக்கு நடுவில் உள்ள ஒருவரை ஜோடி போட்டார்கள். இரண்டாவது இடத்தில் இருந்த எனக்கு அவரோடு ஆட வாய்ப்பே தரவில்லை. இது அநியாயம் இல்லையா?

இல்லை. உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார்கள். முதல் இடத்தில் இருந்தவரை இனி யாராலும் எட்ட முடியாத நிலை வந்திருக்கும். 1994 தேசியச் சாம்பியன் டேவிட் கிப்சன் பெயரால் இதை கிப்சன் முறை என்பார்கள். முதல் பரிசு முடிவாகிவிட்டவரோடு இரண்டாவது இடத்தவரை மோதவிட்டால், ஜெயித்தாலும் முதல் இடம் கிடைக்காது, தோற்றால் இரண்டாவது இடமும் போய்விடலாம். மூன்றாவது இடத்தவருக்கோ அதைவிட எளிதான ஆட்டம் அமையலாம். அதனால் பரிசுக்கு வாய்ப்பில்லாத ஒருவரோடு அவரை ஆட வைத்து, மிச்சப் பரிசுகளை உங்களுக்குள் தீர்த்துக்கொள்ள விடுகிறோம்.

கேள்வி: 2020ல் சொற்பட்டியலிலிருந்து சில சொற்களை நீக்கினார்களே, அதில் உங்கள் கருத்து என்ன?

இனம், மதம், பாலினம் சார்ந்த வசைச் சொற்களை 2020ல் நாஸ்பா நீக்கியது. முன்னதாக உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்டார்கள். பலகையில் சொல்லுக்குப் பொருளே கிடையாது, அது வெறும் எழுத்து வரிசை என்று பலர் கடுமையாக எதிர்த்தார்கள். அடுத்த ஆண்டு காலின்ஸ் பட்டியலிலும் நீக்கம் நடந்தது.

நீக்கியது சரி என்பது என் கருத்து. எதிரே உட்கார்ந்திருப்பவர் மனிதர். அவருடைய பாட்டனைத் திட்டிய சொல்லை வைத்து நான் 80 புள்ளி எடுக்க வேண்டியதில்லை. ஆனால் தமிழர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நம் ஊர்ச் சாதிப் பெயர் ஒன்று போர்த்துகீசியம் வழியாக ஆங்கிலத்துக்குப் போய், ‘ஒதுக்கி வைக்கப்பட்டவன்’ என்ற பொருளில் ‘பரையா’ ஆகிவிட்டது. அது பட்டியலில் இன்றும் செல்லும். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் அந்தச் சொல்லை வைப்பதில்லை. ஒருமுறை அதனால் ஆட்டமே போனது. போகட்டும்.

மனசுக்கு இதமான தமிழ்ச் சொற்களும் இருக்கின்றன. வெட்டிவேர் ஆங்கிலத்தில் ஏழு எழுத்து. பெட்டியில் உள்ள இரண்டு ‘வி’யும் அதற்கே தேவை. ஏழு டைலையும் ஒரே முறையில் வைத்தால் வரும் 50 புள்ளி போனஸோடு, பலகையில் புள்ளியைப் பெருக்கித் தரும் கட்டங்கள் இல்லாமலேயே 63. சுருட்டும் ஆங்கிலத்தில் ஏழு எழுத்துதான். ‘தோசா’வுக்குப் பன்மையாகத் ‘தோசை’யை ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதை முதலில் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கேள்வி: எனக்கு ஆங்கிலம் சுமார்தான். ஆட முடியுமா?

தாராளமாக. நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலேயே 2015ல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை ஜெயித்தார். 2024ல் ஸ்பானிஷ் பட்டத்தையும் எடுத்தார். முதலில் இரண்டெழுத்துச் சொற்களை மனப்பாடம் செய்யுங்கள், அப்புறம் மூன்றெழுத்து. வாய்ப்பாடு படித்த தலைமுறைக்கு இது பெரிய வேலை இல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: தமிழில் இப்படி ஒரு போட்டி ஏன் இல்லை?

ஐயா, பலகையும் டைலும் செய்வது எளிது. கடினம் சொற்பட்டியல்தான். ஆங்கிலத்தில் பன்மையும் வினை வடிவங்களும் செல்லும், அத்தோடு முடிந்தது. தமிழில் ‘வீடு’ செல்லும் என்றால் வீட்டில், வீட்டிலிருந்து, வீட்டுக்குத்தானே எல்லாம் செல்லுமா? உயிர்மெய்யை ஒரே டைலாக வைப்பதா, மெய்யையும் உயிரையும் பிரிப்பதா? இந்த முடிவுகளை ஒரு குழு உட்கார்ந்து எடுத்து, எல்லாரும் அதற்குக் கட்டுப்பட்டால் போட்டி நடத்தலாம். இலக்கணம் கற்பித்த உங்களைப் போன்றவர்கள் தொடங்கினால் டைரக்டர் வேலைக்கு நான் வருகிறேன்.

கேள்வி: அடுத்த மாதம் என் முதல் போட்டி. காலையில் என்ன செய்ய வேண்டும்?

அரை மணி நேரம் முன்னதாக வாருங்கள். உறுப்பினர் எண்ணைச் சொல்லிப் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பேனா இரண்டு, சாப்பாடு, குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் கொண்டுவாருங்கள், மண்டபங்கள் எப்போதும் குளிரும். கைப்பேசியை அணைத்துப் பையில் போடுங்கள். ஆட்டம் தொடங்குமுன் 100 டைலும் இருக்கிறதா என்று இருவரும் எண்ணிப் பார்ப்பது வழக்கம். ஆட்கள் ஒற்றைப்படை என்றால் ஒருவருக்கு ஒரு சுற்று ஓய்வு வரும், பயப்படாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் முடிவுச் சீட்டு. இரண்டு பேரின் புள்ளியையும் எழுதி, கூட்டலைச் சரிபார்த்து, இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகு கொண்டுவந்து கொடுங்கள். ஜெயித்த மகிழ்ச்சியில் அதை மேசையிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனவர்களைத் தேடித்தான் நான் பாதி நாள் மண்டபத்தைச் சுற்றுகிறேன்.