வாசகர் கேள்வி – பதில்: நாலு பேணி கழுவினால் நாடு திருந்துமா?

கேள்வி: சென்ற வைகாசியில், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகிறவர்களுக்காக எங்கள் சந்தியில் விளையாட்டுக் கழகம் தாகசாந்தி நடத்தியது. பிளாஸ்ரிக் கப் வேண்டாமென்று சொல்லி, நாங்கள் சில பெண்பிள்ளைகள் வீடு வீடாகச் சில்வர் பேணி சேர்த்துக் கொண்டுபோய், கழுவிக் கழுவி மோர் கொடுத்தோம். "நாலு பேணி கழுவினால் நாடு திருந்திவிடுமோ" என்று பெரியவர்கள் சிரித்தார்கள். இப்படியான சின்ன வேலைகளால் உண்மையில் ஏதாவது மாறுமா?
– உயர்தர மாணவி, முள்ளியவளை

பதில்: பேணி கழுவுவதால் மட்டும் மாறாது, அந்த அளவில் சிரித்தவர்கள் சொன்னது சரிதான். ஆனால் சட்டம் போட்டும் மாறவில்லையே என்று அவர்களிடம் திருப்பிக் கேளுங்கள். சோற்றுப் பொதி சுற்றும் மெல்லிய பொலித்தீன் தாளான லஞ்ச் சீற் 2017 செப்டெம்பரிலேயே தடைசெய்யப்பட்டது. ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்ரிக் கப்பும் தட்டும் 2023 ஒக்டோபரில் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. அப்படியிருந்தும், திருவிழா முடிந்த மறுநாட் காலையில், ஒட்டியிருக்கும் சோற்றுக்காக லஞ்ச் சீற்றையும் சேர்த்து மென்றுகொண்டு வீதியோரத்தில் நிற்கும் பட்டி மாடுகளைக் காணாதவர் வன்னியில் இருக்க மாட்டார். வர்த்தமானியில் வந்தது சந்திக்கு வந்து சேர வேண்டுமானால், அதை முதலில் செய்து காட்டச் சிலர் வேண்டியிருக்கிறது.

1960 பெப்ரவரி முதலாம் திகதி, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலுள்ள கிறீன்ஸ்பரோ நகரில், கறுப்பின மாணவர் நால்வர் வூல்வேர்த் என்னும் பெரிய கடைக்குள் போய், முதலில் பற்பசை போன்ற சில்லறைச் சாமான்களை வாங்கிப் பற்றுச்சீட்டையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, அதன் பிறகே வெள்ளையருக்கு மட்டுமென ஒதுக்கப்பட்டிருந்த உணவுப் பகுதியில் உட்கார்ந்து கோப்பி கேட்டார்கள். பற்பசைக்குக் காசு வாங்கிய கடை கோப்பிக்கு மட்டும் எப்படி மறுக்கலாம் என்று கேட்பதற்கே அந்தப் பற்றுச்சீட்டு. கோப்பி கிடைக்கவில்லை, கடை பூட்டும்வரை அவர்கள் எழும்பவுமில்லை. மறுநாள் இருபதுக்கு மேற்பட்டோர் வந்தார்கள். நான்காம் நாள் முந்நூறைத் தாண்டியது. மார்ச் முடிவதற்குள் அது ஐம்பதுக்கு மேற்பட்ட நகரங்களுக்குப் பரவியது. ஜூலை 25ஆம் திகதி அந்தக் கடை இறங்கி வந்தது.

அந்தச் செயலைப் பார்த்த எவரும் மறுநாளே அதைச் செய்யக் கூடியதாக இருந்தது என்பதுதான் அது பரவியதற்கு முதற் காரணம் என்று நான் நினைக்கிறேன். உட்காருவதற்குப் பணமும் வேண்டாம், பட்டமும் வேண்டாம். ஆனால் நால்வரும் திடீரென்று வானத்திலிருந்து குதித்தவர்களுமல்லர். தேவாலயங்களும் மாணவர் அமைப்புகளும் ஏற்கெனவே இருந்தன. 1958இலேயே விச்சிற்றா, ஒக்லஹோமா நகரங்களில் இளையோர் இதே வழியில் வெற்றி கண்டிருந்தார்கள். நம் மேடைப் பேச்சாளர்கள் நால்வரின் துணிவைச் சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டு, இந்தப் பின்னணியைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

கூட்டச் செயல்கள் பற்றி மார்க் கிரனோவெற்றர் என்ற சமூகவியலாளர் 1978இல் எழுதிய ஒரு கருத்து உங்களுக்குப் பயன்படும். ஒருவர் எவரும் வராவிட்டாலும் இறங்குவார்; இன்னொருவர் ஒருவராவது முன்னே நின்றால்தான் வருவார்; வேறொருவருக்குப் பத்துப் பேர் வேண்டும்; சிலருக்கு ஊரில் பாதி வேண்டும். ஆகவே உங்களைப் பார்த்துச் சிரித்தவர் எல்லோரும் எதிரிகள் என்று எண்ண வேண்டாம். அவர்களுள் பலருக்கு இன்னும் ஆட்தொகை போதவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு அமெரிக்காவரை போக வேண்டியதுமில்லை. 1924இல் ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸ் ஆகித் தீண்டாமைக்கு எதிராகப் பேசியது. ஒரே வாங்கில் இருப்பது, ஒரே பந்தியில் உண்பது என்பவை இன்று சாதாரணம். அன்றோ, சம ஆசனம் வந்தபோது சில பாடசாலைகளுக்குத் தீயே வைத்தார்கள்.

இனி உங்கள் தாகசாந்திக்கு வருவோம். அடுத்த ஆள் யார் என்று பாருங்கள். அவருக்கு எது தடையாக இருக்கிறது என்றும் பாருங்கள். வைகாசி வெயிலில் கிணறு வற்றியிருக்கும்போது கழுவுதண்ணீர் எங்கிருந்து வரும்? மத்தியானச் சனத்துக்குள் யார் நின்று கழுவுவது? மற்றவர் வாய் வைத்த பேணியில் குடிக்கக் கூசுகிறவருக்கு என்ன சொல்வது? இவை நியாயமான கேள்விகள். பிரதேச சபையிடம் தண்ணீர்ப் பவுசருக்கு முன்கூட்டியே கடிதம் கொடுக்கலாம். அண்ணாந்து குடிக்கிற நம்முடைய பழைய பழக்கத்தை ஒரு மட்டையில் எழுதித் தொங்கவிடலாம். முறை வைத்துக் கழுவுவதற்குக் கழகத்துப் பொடியன்களையும் இழுக்கலாம். கழுவும் வேலை பெண்பிள்ளைகளுக்கே என்று ஆகிவிட்டால் ஒரு பிழையைத் திருத்தப் போய் இன்னொன்றை நாட்டியதாகிவிடும். பேணிகளைச் சனசமூக நிலையத்தின் பொறுப்பில் வைத்து அடுத்த சந்திக்காரருக்கும் இரவல் கொடுங்கள். அவர்கள் கேட்டு வருகிற ஆண்டில் உங்கள் செயல் உங்கள் கையை விட்டுப் போய்விடும். அப்படிப் போவதுதான் நல்லது.

கேள்வி: முகநூலில் பகிர்ந்தால் போதாதா?
– வாசகர், வவுனியா

பதில்: செய்தி போய்ச் சேரும்; பேணி கழுவப்படாது. செய்த பிறகு பகிருங்கள்.

கேள்வி: என் மகளும் இப்படியான வேலைகளில் ஆர்வமாக இருக்கிறாள். ஆனால் நாங்கள் பட்டது போதும். எங்கள் பக்கத்தில் நாலு பேர் கூடினாலே யார், எதற்கு என்று விசாரணை வருகிறது. பிள்ளையை மறிப்பது பிழையா?
– ஒரு தந்தை, கிளிநொச்சி

பதில்: 2009ஐக் கடந்து வந்த ஒரு தகப்பனுக்குப் பயப்பட வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். அமெரிக்காவின் மொன்ற்கொமரி நகரில் றோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் வெள்ளையருக்குப் பேருந்து இருக்கையை விட்டுக்கொடுக்க மறுப்பதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன்பே, 1955 மார்ச்சில், குளோடெற் கொல்வின் என்ற பதினைந்து வயதுப் பிள்ளை அதையே செய்து கைதானாள். ஊர்த் தலைவர்கள் அவளை முன்னிறுத்தவில்லை. அவள் நெடுங்காலம் பேசப்படாமலே இருந்தாள். ஆனால் பேருந்துப் பாகுபாடு சட்டவிரோதம் என்று 1956இல் தீர்ப்புப் பெற்ற வழக்கின் வழக்காளிகளுள் அவளும் ஒருத்தி. பிள்ளை துணிந்தபோது பெரியவர்கள் விலகி நின்றதுதான் அந்தக் கதையில் என்னை உறுத்துவது.

ஆகவே மறிப்பதைவிடக் கூடப் போவது மேல். எதைச் செய்யப் போகிறார்கள், யாரிடம் சொல்லியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். கிராம அலுவலருக்கும் கோயில் பரிபாலன சபைக்கும் கொடுக்கும் கடிதத்தில் ஒரு பெற்றோராக நீங்களும் கையெழுத்திடுங்கள். விசாரிக்க யாராவது வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்களாக இருக்க வேண்டும், அவளாக அல்ல. பரீட்சை நெருங்கும் மாதங்களில் அவளுடைய முறையை வேறொரு பிள்ளை எடுத்துக்கொள்ளும்படி அவர்களுக்குள்ளேயே பேசி ஒழுங்கு செய்யச் சொல்லுங்கள்.