இளங்காதலர் இருவரும் ஒரே மாதிரி மனசுக்காரர்கள் என்பதை வசனமில்லாமல் மேடையில் எப்படிக் காட்டுவது?

முதலில் நான் சொதப்பியதைச் சொல்லிவிடுகிறேன். காங்கேயம் பக்கம் ஒரு கோயில் நோம்பிக்கு ரோமியோ ஜூலியட்டைத் தமிழில் போட்டோம். ரெண்டு பேரும் ஒண்ணுதான் என்று காட்டுகிறேன் பேர்வழி என, இருவருக்கும் ஒரே மாம்பழ மஞ்சளில் உடுப்பு தைத்துக் கொடுத்தேன். பாதி நாடகத்தில் முன்வரிசை அம்மிச்சி ஒருவர் என் கையைப் பிடித்து இழுத்துக் கேட்டார்: "ஏங்கண்ணு, அதுக ரெண்டும் அண்ணன் தங்கச்சியா?"

அவர் மேல் தப்பில்லை. தீபாவளிக்கு ஒரே துணியில் பையனுக்குச் சட்டையும் பிள்ளைக்குப் பாவாடையும் தைக்கிற ஊர் இது.

அடுத்த முறை கோபியில் போட்டபோது உடுப்பை விட்டுவிட்டு நாடகத்தையே ஊன்றிப் படித்தேன். வழி அதிலேயே இருக்கிறது. மூன்றாம் அங்கத்தில் ஜூலியட்டின் உறவுக்காரன் டிபால்ட்டைக் கொன்ற ரோமியோவை நாடு கடத்துகிறார்கள். இரண்டாம் காட்சியில் ஜூலியட் தன் வீட்டில் அழுகிறாள்; மூன்றாம் காட்சியில் ரோமியோ பாதிரியார் அறையில் தரையில் விழுந்து அழுகிறான். அவனைத் தேடி வரும், ஜூலியட்டை வளர்த்த செவிலி பார்த்ததுமே, எங்க பொண்ணு கிடக்கிற மாதிரியேதான் இவனும் கிடக்கிறான் என்கிறாள்.

அதனால் இரண்டு காட்சிக்கும் நடுவில் நாங்கள் விளக்கை அணைக்கவில்லை. மேடை நடுவில் ஒரு கயித்துக் கட்டில். இந்தப் பக்கக் காலில் தலை சாய்த்து அவள். அந்தப் பக்கக் காலில் அவன், இருட்டில். செவிலி அரிக்கேன் விளக்கோடு அவளை விட்டு எழுந்து கட்டிலைச் சுற்றி ஐந்தடி நடக்கிறாள், விளக்கைத் தூக்குகிறாள். அதே கிடை. அவள் வலது கையால் கயிற்றைப் பிடித்திருக்கிறாள், இவன் இடது கையால். கூட்டம் "ச்சு" கொட்டியது எனக்குத் திரைக்குப் பின்னால் கேட்டது.

ஒன்று கவனியுங்கள்: இருவரும் ஒரே நேரத்தில் அசைந்தால் டிரில் வகுப்பு மாதிரி ஆகிவிடும். அவள் முகத்தைத் துடைத்தால், ரெண்டு எண்ணிவிட்டு அவன் துடைக்கட்டும்.

முதல் சந்திப்பும் இப்படித்தான். அங்கே இருவரும் பேசுவது சேர்ந்து 14 வரிக் கவிதை. முதல் நாலு அவன், அடுத்த நாலு அவள், மிச்சம் மாறி மாறி. அவளைப் புனிதர் சன்னிதியாகவும் தன் உதடுகளை யாத்ரீகர்களாகவும் அவன் எடுத்த உவமையையே அவள் திருப்பிக் கொடுக்கிறாள். எங்கள் பிள்ளைகளுக்கு வட்டமாக நின்று ஆடுகிற வள்ளி கும்மி தெரியும், அதனால் வட்டத்தின் எதிரெதிர் முனையில் நிறுத்தி, அவன் வைத்த அடியை அவள் வைக்கும்படி செய்தோம். 13ஆம் வரியில் புனிதர்கள் அசைவதில்லை என்று அவள் நின்றுவிடுகிறாள். கடைசி அடி அவனுடையது மட்டும். ஊர் மேடையில் முத்தமெல்லாம் எதற்கு என்று உள்ளங்கை சேர்வதோடு நிறுத்திக்கொண்டோம்.

கட்டில் காட்சி முடியும்போது இரண்டு பக்க விளக்கையும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒரே டிம்மரில் இறக்குங்கள். ஆளுக்கொன்றாகக் கொடுத்தால் ஒருத்தர் முந்திவிடுவார், எங்களுக்கு முதல் ஒத்திகையில் ஜூலியட் பக்கம் முன்னாடியே இருட்டிவிட்டது.